வத்தகப்பழத்தில இலேசான கொக்ரெயில்: போன முறை பிழைச்சுப் போச்சு, என்ன செய்யலாம்?

வேப்பமர_நிழல் | ரொறன்ரோ | ஜூலை 8, இரவு 9.40

வணக்கம். கனடா தினத்தண்டு எங்கட வீட்டுப் பின்வளவில பத்துப் பேர் மட்டில கூடினவை. நல்ல வெயில். விஸ்கி, பியர் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து குடிக்கிற மாதிரிப் பழம் போட்டு இலேசா ஒரு கொக்ரெயில் செய்வம் எண்டு காலமையே தொடங்கினன்.

செய்தது இதுதான். ஒரு பெரிய வத்தகப்பழம் (இந்தியாவில தர்பூசணி எண்டு சொல்லுவினம்) வெட்டி விதையோட பிளெண்டரில அடிச்சன். இரண்டு லீற்றர் மட்டில சாறு வந்தது. ஒரு கப் சீனி, நாலு தேசிக்காய் (எலுமிச்சை), 750 மில்லி வொட்கா ஒரு போத்தில் முழுக்க. எல்லாத்தையும் ஜக்கில கலந்து ஃபிரிட்ஜில வைச்சிட்டன்.

பின்னேரம் எடுத்துப் பார்த்தால் மேல சிவப்பு நுரை, கீழ வெளிறின தண்ணி. பழவாசம் போய் வெள்ளரிக்காய் வாசம் அடிச்சுது. ஐஸ் போட்டாப் பிறகு ஒரு சுவையும் இல்லை. அதைவிடப் பெரிய பிழை, "இது இலேசானது" எண்டு நான் சொன்னதை நம்பி மூண்டு கிளாஸ் குடிச்ச மச்சாளுக்குத் தலை சுத்தி வாந்தி. அண்டைக்கு இரவு முழுக்க அவவுக்குப் பக்கத்தில இருந்தனான். அது இன்னும் மனசுக்குள்ள கிடக்குது.

ஆகஸ்ட் முதல் திங்கள் லீவுக்குத் திரும்பவும் கூடுகினம். அதே பழத்தில, உண்மையாவே இலேசா, வாசமாச் செய்ய ஆசை. வாறதில இரண்டு பேருக்கு நீரிழிவு, சீனியும் குறைய வேணும். எங்க பிழை விட்டனான் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

ஷேக்கர்_கை | சிங்கப்பூர் | ஜூலை 9, காலை 11.15

அக்கா, வணக்கம். பதினோரு வருஷம் இங்கே ஓட்டல் பாரில் நின்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மச்சாள் விஷயம். வொட்கா 40 சதம் என்றால் 750 மில்லியில் சுத்த ஆல்கஹால் 300 மில்லி. சாறோடு சேர்த்து மொத்தம் 2,750. அதாவது ஏறக்குறைய 11 சதம். ஒயின் பாட்டிலில் 12, 13 என்று போட்டிருக்கும். ஒயினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்றை ஜூஸ் டம்ளரில், ஜூஸ் குடிக்கிற வேகத்தில் குடித்திருக்கிறார்கள். 240 மில்லி டம்ளர் ஒன்றில் 26 மில்லி ஆல்கஹால், எடையில் 20 கிராமுக்கு மேல். உங்கள் ஊரில் ஒரு நிலையான மது அளவு என்று வைத்திருப்பது 13.45 கிராம். மூன்று டம்ளர் என்றால் அவர் குடித்தது நாலரை அளவுக்கு மேல். வெயிலில், அதுவும் இனிப்பு மறைத்த நிலையில். அவர் உடம்பில் குறை எதுவும் இல்லை, கணக்கு அப்படி.

சர்க்கரையும் அப்படித்தான். ஒரு கப் என்றால் 200 கிராம். பழத்திலேயே 100 மில்லிக்கு 6 கிராம் இருக்கிறது, 2 லிட்டருக்கு 120. டம்ளருக்குப் பங்கு போட்டால் 28 கிராம் வருகிறது. ஒரு சின்னக் கோலா பாட்டில் அளவு இனிப்பு.

அப்படியானால் வொட்காவையும் சர்க்கரையையும் பாதியாக்கித் தண்ணீர் ஊற்றினால் போதுமா? போதாது. வீட்டில் இலேசாகச் செய்ய முயல்கிறவர்கள் பெரும்பாலும் வழுக்குகிற இடம் இது. வாசத்தைத் தூக்கி மூக்குக்குக் கொண்டுவருவது ஆல்கஹால். நாக்கில் கனம் தருவதும் அதுதான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் குடிக்கிறவருக்குக் கழுவின டம்ளர் மாதிரி இருக்கும். அங்கே புளிப்பு வேண்டும், ஒரு கல் உப்பு வேண்டும், கொஞ்சம் துவர்ப்பு வேண்டும். தர்பூசணியில் இது எதுவுமே கிடையாது. 92 சதம் தண்ணீர், மிச்சம் இனிப்பு. ஆரஞ்சிலோ அன்னாசியிலோ பழமே புளிப்பைக் கொண்டுவந்துவிடும். தர்பூசணிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு லிட்டருக்கு நாலு எலுமிச்சை காணவே காணாது.

வெள்ளரி வாசம் ஏன் என்றால், இரண்டும் ஒரே குடும்பம். நறுக்கிய, அரைத்த நொடியிலிருந்து பழத்திலுள்ள நொதிகள் வேலை செய்ய ஆரம்பிக்கும். நேரம் போகப் போகப் பழவாசம் தேய்ந்து பச்சை வாசம் மேலே வரும். காலையில் அடித்ததை மாலையில் ஊற்றினால் அதுதான் கதி. பிளெண்டர் விதையையும் உடைத்துக் கசப்பை இறக்கும், காற்றை அடித்து நுரையும் கட்டும்.

நான் செய்கிற விதம்: பழத்தை முந்தின நாளே முழுசாகக் குளிர வைத்துவிடுவேன். ஆட்கள் வருவதற்கு அரை மணி முன்பு வெட்டி, விதை எடுத்து, கையால் அல்லது கீரை மத்தால் மசித்து, சல்லடையில் ஊற்றித் தானாக வடிய விடுவேன். பிழியக் கூடாது. பிழிந்தால் சக்கை இறங்கி மறுபடி இரண்டாகப் பிரியும். சுமார் 2 கிலோ பழத்துக்கு ஒரு லிட்டர் தெளிந்த சாறு கிடைக்கும்.

ஒரு டம்ளருக்கு: சாறு 100 மில்லி, எலுமிச்சை 15, ஆறின கட்டன் தேநீர் 35, வொட்கா 30, மேலே சோடா 60. மொத்தம் 240. சர்க்கரை வேண்டாம். உப்பை நேராகப் போடாமல் 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு டம்ளருக்கு நாலைந்து சொட்டு விடுங்கள். உப்பு கரிக்கக் கூடாது, பழம் இன்னும் பழமாகத் தெரிய வேண்டும். பலம் 5 சதம், பியர் அளவு. ஆல்கஹால் ஒன்பதரை கிராம்.

தேநீர் ஏன் என்று கேட்பீர்கள். துவர்ப்புக்கு. எட்டு கிராம் சிலோன் தூளை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். கொதிக்க வைத்தால் கசக்கும், குளிர்ந்தபின் கலங்கும்.

---

கடற்கரைச்சாலை | சென்னை | ஜூலை 9, மதியம் 2.30

கணக்கு அருமை. ஆனா பத்துப் பேருக்கு ஒவ்வொரு கிளாஸா அளந்துட்டு நிக்கறது கஷ்டம். இதுக்கெல்லாம் ஸ்பிரிட்ஸ் (Spritz)னு ஒரு இத்தாலிக் கலவை நல்லது. அபெரோல் (கசப்பு ஆரஞ்சு மது), ப்ரொசெக்கோ (நுரைக்கிற ஒயின்), சோடா, ஒரு ஆரஞ்சு வில்லை, முடிஞ்சது. அபெரோல் வெறும் 11 சதம்தான். இத்தாலிக்காரங்க சாயங்காலம் நாலு மணிக்கே உக்காந்து குடிக்கறாங்க, இதைவிட இலேசு எது?

இல்லன்னா பலோமா. மெக்சிகோவில டெக்கீலாவோட கிரேப்ஃப்ரூட் சோடா, எலுமிச்சை, கிளாஸ் விளிம்புல உப்பு. நான் இங்க பம்பளிமாஸ் சாறு பிழிஞ்சு சோடா சேர்த்துப் பண்றேன். உப்பு, புளிப்பு, கசப்பு மூணும் அதுலயே இருக்கு.

---

ஷேக்கர்_கை | சிங்கப்பூர் | ஜூலை 9, மாலை 6.05

பலோமா யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்பிரிட்ஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வழக்கமான அளவு ப்ரொசெக்கோ 90, அபெரோல் 60, சோடா 30. ப்ரொசெக்கோவும் 11 சதம், அபெரோலும் 11. 180 மில்லியில் 16.5 மில்லி ஆல்கஹால், 9 சதத்துக்கு மேல். நிறத்தையும் பெரிய கிண்ணத்தையும் பார்த்து இலேசு என்று நினைக்கிறோம். வெனிஸ் பக்கத்தில் ஆதியில் ஸ்பிரிட்ஸ் என்றால் ஒயினில் தண்ணீர் தெளிப்பதுதான். ஆஸ்திரியர்கள் அந்த நாட்டை ஆண்ட காலத்தில் வந்த ஜெர்மன் சொல் அது, "தெளி" என்று பொருள். அந்தப் பழைய ஸ்பிரிட்ஸ் உண்மையிலேயே இலேசு.

அளந்து ஊற்றுகிற விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஜக்கில் மதுவைச் சேர்க்காதீர்கள். ஜக்கில் பழம், எலுமிச்சை, தேநீர் மட்டும் இருக்கட்டும். மது டம்ளரில். யார் எவ்வளவு குடித்தார்கள் என்று அப்போதுதான் தெரியும். குடிக்காதவருக்கும் அதே ஜக்.

---

கடற்கரைச்சாலை | சென்னை | ஜூலை 9, இரவு 10.20

இதுல நான் முழுசா ஒத்துக்க மாட்டேன், அண்ணே. பாட்டிலைத் தனியா வெச்சு "அளவா ஊத்திக்கோங்க"ன்னு சொன்னா நம்ம வீட்டு ஆளுங்க 30ல நிறுத்துவாங்களா? முதல் ரவுண்டு 30, ரெண்டாவது 60, மூணாவதுல அளவே இருக்காது. எங்க வீட்டு மொட்டை மாடியில இதை நிறைய தடவை பாத்துட்டேன். ஜக்குல 5 சதத்துக்குக் கலந்து வெச்சா யார் ஊத்தினாலும் அது 5 சதம்தான். அதுல ஒரு பாதுகாப்பு இருக்கு.

இங்க விக்கற சரக்கு பெரும்பாலும் 42.8 சதம். 30 மில்லி ஒரு ஸ்மால் போட்டா 10 கிராம் ஆல்கஹால். அதனால சென்னையில பண்றவங்க சோடாவைக் கொஞ்சம் கூட்டிக்கணும்.

---

திண்ணை72 | திருச்சி | ஜூலை 10, காலை 7.50

இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். ஒன்று கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழம் இவ்வளவு நன்றாக இருக்கும்போது மது எதற்கு? என் தகப்பனார் குடியால் போனவர். அவரும் விருந்தில் "இலேசாக ஒன்று" என்றுதான் தொடங்கினாராம். குடும்பம் கூடுகிற இடத்தில் அந்த ஜக்கைப் பார்க்கும் பிள்ளைகளை நினைக்கிறேன். நீங்கள் எல்லோரும் அக்கறையோடுதான் எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

---

வேப்பமர_நிழல் | ரொறன்ரோ | ஜூலை 10, இரவு 8.15

ஐயா, நீங்கள் கேட்டதில ஒரு பிழையும் இல்லை. அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னதுக்கு நன்றி. எங்கட குடும்பத்திலயும் அப்பிடி ஒருத்தர் இருந்தவர்.

வாற ஆக்களில நாலு பேர் குடிக்கிறேல்ல. போன முறை அவைக்கு நான் குடுத்தது கடையில வாங்கின கோலா. யோசிச்சுப் பார்த்தால் எனக்கே வெக்கமாக் கிடக்கு. குடிக்கிற ஆக்களுக்காக அரை நாள் வேலை செய்தனான், குடிக்காத ஆக்களுக்கு ஒரு போத்தில் மூடியைத் திறந்து விட்டிட்டன். இந்த முறை அவைக்கும் அதே அளவு பாடுபட்டுச் செய்ய வேணும். ஆராவது சொல்லுங்கோ, மதுவே இல்லாமல், ஆனால் விருந்துக்குரிய பானமா என்ன செய்யலாம்?

தம்பி, ஜக்கில மது போடாமல் விடுறது சரியாப் படுது. சென்னைத் தம்பி சொல்லுறதும் உண்மை. என்ர மனுசனை ஒரு மூலையில நிப்பாட்டி அவர்தான் ஊத்த வேணும் எண்டு சொல்லப் போறன். இருமல் மருந்தோட வாற 30 மில்லி பிளாஸ்ரிக் கப் வீட்டில கிடக்கு. அதுதான் அளவு.

---

உடன்குடி_வழி | தூத்துக்குடி | ஜூலை 10, இரவு 11.30

அக்கா கேட்டதுக்கு எங்க ஊர்ல பதில் இருக்கு. நுங்கு.

புறநானூற்றுல 24ஆம் பாட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல பனங்குரும்பைத் தண்ணியையும் கரும்புச் சாறையும் இளநீரையும் ஒண்ணாக் கலந்து குடிச்சுட்டுக் கடல்ல பாய்வாங்க. மூணு நீர், மதுவே கிடையாது. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தி நம்ம ஆளுங்க கலந்து குடிச்ச பானம் அது. அதை நான் வீட்டுல செஞ்சு பாத்திருக்கேன். இளநீர் ஒரு லிட்டர், கரும்புச் சாறு கால் லிட்டர், ரெண்டு எலுமிச்சை, தட்டின இஞ்சி ஒரு துண்டு. எட்டு பத்து நுங்கைத் தோலுரிச்சுக் கையால பிய்ச்சுப் போடணும். தோலை முழுசா எடுத்துரணும், இல்லன்னா துவர்க்கும். மிக்சில அடிச்சுராதீங்க. அந்த வழுவழுப்பு வாயில தட்டுப்படணும், அதுதான் அதோட உசுரு. எலுமிச்சை போட்டதும் கரும்புச் சாறு கறுக்காது, அதனால முதல்லயே போட்டுருங்க.

சக்கரை நோய் உள்ளவங்களுக்குக் கரும்புச் சாறு வேண்டாம். அதை எடுத்துட்டு இளநீரும் நுங்கும் எலுமிச்சையும் மட்டும் போதும்.

கனடாவுல பச்சை நுங்கு கிடைக்குமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. இங்கயே வெயில் காலத்துல மட்டும்தான்.

---

வேப்பமர_நிழல் | ரொறன்ரோ | ஜூலை 11, காலை 6.55

வாசிக்கவே தொண்டை குளிருது. இங்க தமிழ்க் கடையளில தாய்லாந்து நுங்கு ரின்னில வரும், சீனிப் பாகில போட்டது. உறையவைச்ச இளநீரும் இருக்கு. பாகை வடிச்சு மூண்டு தரம் கழுவினால் சரியெண்டு நினைக்கிறன்.

---

மாத்திரைப்பெட்டி | லண்டன் | ஜூலை 11, மாலை 4.45

மருந்தாளராக வேலை பார்க்கிறேன். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் என்று பேச்சு வந்ததால் இதை எழுதியே ஆக வேண்டும்.

இந்த இரண்டு பழங்களிலும் ஃபுரானோகூமரின் என்று ஒரு வகைச் சேர்மம் இருக்கிறது. குடலில் பல மருந்துகளை உடைக்கிற ஒரு நொதியை அது முடக்கிவிடும். அதனால் வழக்கமான மாத்திரையே கூடுதல் அளவு மாத்திரை போல் இரத்தத்தில் ஏறும். கொழுப்புக்குத் தரும் சிம்வாஸ்டாட்டின், அட்டார்வாஸ்டாட்டின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஃபெலோடிபின் போன்றவை இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு டம்ளர் குடித்தாலே அதன் தாக்கம் ஒரு நாளைக்கு மேல் நீடிக்கலாம். "காலையில் மாத்திரை, மாலையில் ஜூஸ்" என்று பிரித்துத் தப்பிக்க முடியாது.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை நம் பேச்சுக்கு நேரடியாகச் சொந்தம். கனடாவில், ஒன்ராறியோ மாநிலத்து லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு ஃபெலோடிபினும் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. காரணம் தேடிப் போனால் மது அல்ல, மறைக்க ஊற்றிய சாறு. 1989இல் வெளியிட்டார்கள். அதாவது பழமும் மதுவும் கலந்த ஒரு டம்ளரில்தான் இந்த உண்மை அகப்பட்டது.

நம் வீட்டு விருந்துகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் கொழுப்பு மாத்திரை சாப்பிடாதவர் குறைவு. பத்துப் பேருக்கு ஊற்றும் ஜக்கில் பம்பளிமாஸ் வேண்டாம். தர்பூசணி பயமில்லாதது.

நீரிழிவு பற்றி: இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமெபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மது குடித்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், அது சில மணி நேரம் கழித்துக்கூட வரும். தாழ்ந்த சர்க்கரையின் தடுமாற்றத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் சாப்பாடு முதலில், பானம் பிறகு. அவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. எலுமிச்சையை வெயிலில் உட்கார்ந்து பிழியாதீர்கள். குறிப்பாக அந்தப் பச்சைத் தேசிக்காய். அதன் தோலிலும் அதே ஃபுரானோகூமரின் உண்டு. கையில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் போலக் கொப்புளம் வரும், கறுத்த தழும்பு பல வாரங்கள் நிற்கும். சமையலறைக்குள் பிழிந்து, சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வெளியே வாருங்கள்.

---

கடற்கரைச்சாலை | சென்னை | ஜூலை 11, இரவு 9.10

எங்க அம்மா அட்டார்வாஸ்டாட்டின் சாப்பிடறாங்க. போன மாசம் நான் பிழிஞ்ச பம்பளிமாஸ் ஜூஸை ரெண்டு நாள் குடிச்சாங்க. இப்ப படிச்சதும் போன் பண்ணிட்டேன், நல்லா இருக்காங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிடறோம். நன்றிங்க. ரொம்ப நன்றி.

---

கிள்ளான்_கரை | மலேசியா | ஜூலை 12, காலை 10.00

உப்புக்கும் புளிப்புக்கும் எங்கள் ஊரில் ஒரே பொருள் உண்டு: அசாம் போய். உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம், சீன மளிகைக் கடையில் கிடைக்கும். இங்கே எந்த உணவுக்கடையில் உட்கார்ந்தாலும் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து, உள்ளே ஒரு அசாம் போய் போட்டு ஐஸோடு தருவார்கள். தர்பூசணிச் சாற்றில் டம்ளருக்கு ஒன்று போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தனியாக உப்புக் கரைசல் வேண்டாம். ரொறன்ரோவிலும் சீனக் கடைகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். சிலவற்றில் இனிப்பூட்டி சேர்த்திருப்பார்கள், பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். உப்பு கூடுதலான பொருள், இரத்த அழுத்தக்காரர்களுக்கு அரைப் பழம் போதும்.

---

வேப்பமர_நிழல் | ரொறன்ரோ | ஜூலை 20, இரவு 10.05

நேற்று ஒரு சின்னப் பழத்தில ஒத்திகை பார்த்தனான். நானும் மச்சாளும்தான். அவவையே கூப்பிட்டு, "இந்த முறை நீங்கள்தான் சொல்ல வேணும்" எண்டு குடுத்தன்.

பிளெண்டர் இல்லாமல் மசிச்சு வடிச்சதில எவ்வளவு வித்தியாசம்! சாறு கண்ணாடி மாதிரி, வாசம் அப்பிடியே பழத்தை வெட்டின நேரத்து வாசம். உப்புச் சொட்டு இல்லாமல் ஒரு கிளாஸ், விட்டு ஒரு கிளாஸ் வைச்சுப் பாத்தம். விட்டதில பழம் முன்னுக்கு வந்து நிக்குது. கரிக்கேல்ல. இதை நான் வாசிச்சு நம்பியிருக்க மாட்டன், குடிச்சுத்தான் நம்பினனான்.

இரண்டு இடத்தில சறுக்கினது. தேத்தண்ணியை ராத்திரி வைச்சு அடுத்த நாள் பின்னேரம்தான் எடுத்தனான், 18 மணித்தியாலம் ஆயிட்டுது. துவர்ப்பு தூக்கி அடிச்சுது. மற்றது சோடா. சமையலறையில வெளிய கிடந்த சோடாவை ஊத்த எல்லாம் பொங்கி அடங்கி, குடிக்கேக்க காஸே இல்லை.

---

ஷேக்கர்_கை | சிங்கப்பூர் | ஜூலை 21, காலை 9.30

தேநீர் ஏழெட்டு மணி நேரம் போதும், தூளை வடித்து எடுத்துவிட்டால் பிறகு எவ்வளவு நேரம் இருந்தாலும் துவர்ப்பு ஏறாது. சோடா குளிரில்தான் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜில் வையுங்கள், கடைசியாக ஊற்றுங்கள், டம்ளரின் ஓரமாக ஊற்றுங்கள், ஒரே ஒரு தடவை கிளறுங்கள்.

ஜக்கில் ஐஸ் போடாதீர்கள். டம்ளரில் மட்டும். சாறில் கொஞ்சம் எடுத்து ஐஸ் தட்டில் உறைய வைத்தால் அது கரைந்தாலும் சுவை நீர்க்காது. வெயிலில் வெளியே உட்காரும் விருந்துக்கு இது ரொம்ப உதவும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழத்துண்டுகளை வொட்காவில் ஊற வைத்து அலங்காரத்துக்குப் போடுகிற பழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மது பழத்துக்குள் இறங்கிவிடும், பார்க்க ஃப்ரூட் சாலட் மாதிரியே இருக்கும். குழந்தை கை நீட்டி எடுத்துவிடும்.

---

உடன்குடி_வழி | தூத்துக்குடி | ஜூலை 21, மாலை 7.00

நுங்கு ஜக் ஒத்திகை பாத்தீங்களா அக்கா?

---

வேப்பமர_நிழல் | ரொறன்ரோ | ஜூலை 21, இரவு 9.25

பாத்தன் தம்பி. ரின் நுங்கு கொஞ்சம் இறுக்கம், கழுவினாலும் இனிப்பு இருக்குது. இளநீரில ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு அந்த நீரைக் கொட்டினாப் பிறகு நல்லா வந்தது. கரும்புச் சாறு போடேல்ல. அம்மா ஒரு துண்டை வாயில வைச்சிட்டுக் கன நேரம் கதைக்கேல்ல. அவவின்ர வளவில பதினேழு பனை நிண்டதாம்.

---

வேப்பமர_நிழல் | ரொறன்ரோ | ஆகஸ்ட் 5, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். நேற்று விருந்து முடிஞ்சுது.

பன்னிரண்டு பேர் வந்தவை. முதல்ல சோறும் கறியும், பிறகுதான் பானம். மேசையில இரண்டு ஜக். ஒண்டு வத்தகை, தேத்தண்ணி, தேசிக்காய். மற்றது இளநீரும் நுங்கும். இரண்டிலயும் மது இல்லை எண்டு பெரிய எழுத்தில எழுதி ஒட்டினன். என்ர மனுசன் இருமல் மருந்துக் கப்போட மூலையில நிண்டவர். ஒரு பெரியப்பா "இன்னும் கொஞ்சம்" எண்டு கேட்டவர். "அளவு இதுதான், வேணுமெண்டால் அரை மணித்தியாலத்தால திரும்ப வாங்கோ" எண்டு மரியாதையாச் சொல்லிட்டார். பெரியப்பா திரும்பி வரேல்ல, நுங்கு ஜக்குக்குப் போயிட்டார்.

வண்டி ஓட்டிற ஆக்கள் இரண்டு பேரும் மதுவில்லாத ஜக்தான். அதில ஒருத்தன் என்ர மருமகன், வயது 20. ஒன்ராறியோவில 21 வயதுக்கும் அதுக்குக் கீழயும் உள்ள சாரதிக்கு ஒரு சொட்டும் கூடாது. வத்தகைச் சாறும் தேத்தண்ணியும் சோடாவும் குடிச்சிட்டு "மாமி, இதில வொட்கா போட்டிருக்கிறீங்களோ?" எண்டு பயந்து கேட்டவன். துவர்ப்பும் உப்பும் அவனுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கு.

750 மில்லி போத்தில் ஒண்டு வாங்கினது. இரவு பார்த்தால் பாதிக்கு மேல மிச்சம். நுங்கு ஜக் இரண்டு தரம் நிரப்பினது, ஒரு துண்டும் மிச்சமில்லை. அசாம் போய் கடைசி நேரத்தில கிடைச்சுது. அரைப் பழம் போட்ட கிளாசைத்தான் மச்சாள் கையில வைச்சிருந்தவ, இரவு பத்து மணிக்கு அவதான் பாத்திரம் கழுவித் தந்தவ.

திருச்சி ஐயாவுக்கு: பிள்ளையள் பார்த்துக்கொண்டு நிண்டவை. அவை பார்த்தது இரண்டு ஜக். இதை உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு நேற்றே நினைச்சனான்.

ஒரு கேள்வி மிச்சம். நயாகராப் பக்கத்து பீச் பழம் இப்ப சந்தைக்கு வந்திட்டுது. நல்ல வாசம். அதை இதே மாதிரிச் செய்யலாமோ? தேசிக்காய் அதே அளவுதானோ?

---

திண்ணை72 | திருச்சி | ஆகஸ்ட் 6, காலை 8.10

படித்தேன் அம்மா. நன்றி. உங்கள் தாயாரிடம் அந்தப் பதினேழு பனைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள்.

---

ஷேக்கர்_கை | சிங்கப்பூர் | ஆகஸ்ட் 6, காலை 11.40

மச்சாள் பாத்திரம் கழுவினார் என்று படித்தபோது எனக்குத்தான் சந்தோஷம்.

பீச் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது வடிகிற பழம் இல்லை, கூழாகும் பழம். பீச்சில் புளிப்பு இருக்கிறது, எலுமிச்சை 10 மில்லி போதும். ஆனால் அதை அரைக்கும்போதே ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழுப்பாகிவிடும். கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கையோடு வரும். வெனிஸில் ஹாரிஸ் பாரில் பெலினி என்று ஒன்று உண்டு, வெள்ளைப் பீச் கூழ் ஒரு பங்கு, ப்ரொசெக்கோ இரண்டு பங்கு. நீங்கள் ப்ரொசெக்கோவில் பாதியை எடுத்துவிட்டுச் சோடா ஊற்றுங்கள். ஏறக்குறைய 4 சதத்துக்கு இறங்கிவிடும். கூழ் அடியில் தங்கும், அதனால் சோடாவை முதலில் கொஞ்சம் விட்டுக் கலக்கிவிட்டு ப்ரொசெக்கோவை மேலே ஊற்றுங்கள். வெள்ளைப் பீச் கிடைக்கிறதா என்று சந்தையில் கேட்டுப் பாருங்கள் அக்கா. மஞ்சளைவிடப் புளிப்பு குறைவு, வாசம் அதிகம். அது கிடைத்தால் எலுமிச்சையை 15க்கே ஏற்றிவிடலாம்.